ஏழாவது கேள்வி

"சார், இது கொஸ்டின் பேப்பர் மாதிரித் தெரியலையே, பிள்ளைக என்னமோ பேசிக்கிட்டிருக்குதுக" என்று செண்பகவல்லி தன் ஜெராக்ஸ் கடைக் கணினியின் திரையை இந்தப் பக்கம் திருப்பியபோது ஞானதுரைக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கடை நம்பருக்கு அவர் அனுப்பியிருந்தது நாளைய வினாத்தாளின் லிங்க் அல்ல, பதினோராம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகள் இயற்பியலில் சந்தேகம் கேட்கும் பக்கத்தின் லிங்க். இரண்டும் ஒரே மாதிரி நீளமாக, தலை எது வால் எது என்று தெரியாமல் கிடந்தால் மனுஷன் என்ன செய்வான். ஆராதனை முடிந்து மனைவி எஸ்தரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு நேரே இங்கே வந்திருந்தார். பள்ளிக்கூட மெஷினில் மை தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது, திங்கட்கிழமை முதல் பீரியடே டெஸ்ட். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சரியானதைத் தேடி எடுத்து அனுப்பினார். செண்பகவல்லி அதை மெஷினை ஒட்டியிருந்த இன்னொரு கணினியில் திறந்து, "இதுதான? நாப்பத்தாறா சார்?" என்றாள். "நாப்பத்தாறு. ரெண்டு பக்கமும்மா." "இவன் கிழவன் சார், பத்துக்கு ஒருதரம் மூச்சு வாங்குவான், உக்காருங்க" என்று மெஷினைத் தட்டிக்கொடுத்தாள். மெஷின் உறுமிப் பச்சை வெளிச்சத்தை ஒரு தரம் இழுத்தது. சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே அந்த முதல் கணினி, அதில் மூடாமல் விட்ட சந்தேகப் பக்கம். அருப்புக்கோட்டை பழைய பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமைப் பதினொன்றரை மணிக்கு வேறு என்ன வேடிக்கை இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்தது கணினி டீச்சர் நசீமா. ஜூலை மாதம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, சார் நீங்க எழுதுறத அவங்க பாப்பாங்க, அவங்க எழுதுறத நீங்க பாப்பீங்க, ஒரே நேரத்தில, ஒரே காகிதத்தில நாப்பத்தாறு பேரும் எழுதுற மாதிரி என்றபோது, காகிதம் கிழிந்து போகாதா என்று கேட்டுச் சிரிக்க வைத்தவர் இவர்தான். பாதிப் பிள்ளைகளுக்கு மெயில் கிடையாது, அப்பா போன், அக்கா போன் என்று கைமாற்றி வருகிறவர்கள், அதனால் லிங்க் இருந்தால் யாரும் நுழையலாம், யாரும் எழுதலாம் என்று வைத்தாயிற்று. மெயில் இல்லாமல் நுழைகிறவர்களுக்கு அந்தப் பக்கமே ஒரு மிருகத்தின் பெயரை வைத்துவிடும். பெயரில்லாத நரி, பெயரில்லாத ஒட்டகம், பெயரில்லாத நீர்நாய். மேலே வரிசையாக வட்டம் வட்டமாக நிற்கும். முதல் வாரம் வகுப்பில் அதுதான் பேச்சு, டேய் நீ நேத்து குரங்காமே என்று. ஆகவே யார் எழுதினாலும் முதலில் பெயரைப் போட்டுவிட்டு எழுதவேண்டும் என்று ஞானதுரை சட்டம் போட்டிருந்தார், நல்ல தமிழில் எழுதவேண்டும் என்று இன்னொரு சட்டம். இரண்டாவது சட்டத்தை அவர் இருக்கும் நேரத்தில் மட்டும் மதித்தார்கள். இப்போது மேலே நான்கு மிருகங்கள், அவர் பெயர் இல்லை, அவர் இங்கே தன் மெயிலில் நுழையவில்லையே. யாருடைய விரலும் தெரியாமல் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்தால் அவருக்கு இன்னமும் சின்னக் குஷிதான். சந்தனம் என்று விழுந்தது. சந்தனகுமார், கடைசி பெஞ்சு, நல்ல பையன், கையெழுத்துதான் கோழிக் கிறுக்கல், இங்கே அந்தக் குறையும் இல்லை. 'சந்தனம்: நாளைக்கு பந்து கேள்வி கண்டிப்பா வரும். சார் வருஷா வருஷம் கேப்பாரு.' படவா, சரியாகச் சொல்கிறான், ஏழாவது கேள்வியே அதுதான், இதோ பின்னால் மெஷினில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 'நிஷாந்தி: வந்தா என்ன எழுத?' 'சந்தனம்: டெஸ்ட்ல சுழி. பப்ளிக்ல 9.8. மாத்தி எழுதிறாதீங்க.' 'நிஷாந்தி: ரெண்டுக்கும் ரெண்டு ஆன்சரா, குழப்பமா இருக்கு.' 'சந்தனம்: டெஸ்ட்ட சார் திருத்துவாரு. பப்ளிக்க வேற யாராச்சும் திருத்துவாங்க. அவ்ளோதான்.'

என்ன சுழி? எதற்கு சுழி? பந்தை மேலே எறிந்தால் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறது, அந்தக் கணத்தில் திசைவேகம் சுழி, சரி. முடுக்கம் 9.8, கீழ்நோக்கி, பூமி இழுப்பதை நிறுத்தாது, உச்சியில் பந்து நின்றாலும் பூமி நிற்காது, இதைத்தான் இருபத்தெட்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறார், சுண்ணாம்புக்கட்டியை மேலே எறிந்து பிடித்துக் காட்டிக் காட்டித் தோள்பட்டையே இறங்கிவிட்டது. இவர்களுக்கு எவன் சொன்னான் சுழி என்று. மவுஸை உருட்டினார், பக்கம் மேலே ஓடியது, போன வாரம், அதற்கு முந்தின வாரம், அலை, நெம்புகோல், யாரோ போட்ட பிறந்தநாள் வாழ்த்து, அப்புறம் அது. நீல நிறத்தில், அவர் பெயரோடு. 'ஞானதுரை: உச்சியில் திசைவேகம், முடுக்கம் இரண்டும் சுழி.' இவரேதான். நடுவில் ஒரு காற்புள்ளிகூட ஒழுங்காகப் போட்டு. அவருக்கு அந்த இடம் ஞாபகம் வந்தது, விருதுநகர் பஸ், நின்றுகொண்டு, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், எஸ்தரின் தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போகும்போது. பக்கத்தில் ஒருவர் வாழைத்தாரோடு இடித்துக்கொண்டே வந்தார், உச்சியில என்ன சார் ஆகும் என்று இதே சந்தனகுமார் கேட்டிருந்தான், கட்டைவிரலால் தட்டிவிட்டார். வாழைத்தார்தான் காரணம் என்று சொல்லலாமா. சொல்லலாம், யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் அதற்குக் கீழே, சந்தனம் ஒரு படத்தை ஒட்டி வைத்திருந்தான், யாருடைய போனிலிருந்தோ எடுத்த படம், அதே வகுப்பு அழகுமீனாவுக்கு வந்த மெயில். 'ஞானதுரை உங்கள் கருத்தை முடித்துவைத்தார்.' அதற்குக் கீழே சந்தனம், 'கேட்டியா கேள்வி? சார் க்ளோஸ் பண்ணிட்டாரு, வாய மூடுன்னு அர்த்தம்' என்று எழுதியிருந்தான்.

முடித்துவைத்தாராமே. அவர் எதை முடித்துவைத்தார்? பிள்ளைகள் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் கேள்வி கேட்பார்கள், அந்தக் கட்டத்தின் மூலையில் ஒரு சரிக்குறி இருக்கும், பார்த்ததும் அதை அழுத்துவார், அவ்வளவுதான். நோட்டுத் திருத்துகிறவனுக்குச் சரிக்குறி என்றால் என்ன, பார்த்தாயிற்று என்று அர்த்தம், அறுபது நோட்டு, அறுபது பக்கம், சிவப்புப் பேனா தானாகவே போய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வரும், உள்ளே என்ன இருக்கிறது என்று எவன் படிக்கிறான், நீயும் எழுதினாய் நானும் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் அதை அழுத்தினால் கேள்வியே மறைந்து போகிறது என்று கவனித்திருந்தார், சரி, திருத்தின நோட்டைக் கட்டி அந்தப் பக்கம் வைக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டார். எத்தனை கேள்விகளை இப்படி முடித்துவைத்திருக்கிறார்? ஆகஸ்டிலிருந்து. கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு மெயில் போயிருக்கும், மெயில் இல்லாதவர்கள் பிழைத்தார்கள். நசீமா சொல்லவில்லையே, சொல்லியிருப்பாள், அந்த நேரம் அவர் டீ வாங்கப் போயிருப்பார். ஆக இது பழக்கம், கையின் தப்பு, மனதுக்கு இதில் பங்கு இல்லை, அழகுமீனாவின் கேள்வியை அவர் படிக்கவே இல்லை. படிக்கவே இல்லை என்று இன்னொரு தரம் நினைத்துப் பார்த்தார். மெஷின் நின்றது. "பத்து" என்றாள் செண்பகவல்லி. மறுபடியும் உறுமியது.

அப்போதுதான் கீழே புதிதாக ஒரு வரி வந்தது. 'நிஷாந்தி: யாருப்பா அந்த எருமை? ஒண்ணும் எழுதாம ரொம்ப நேரமா நிக்குது.' அவரும் மேலே பார்த்தார், எருமை யார் என்று. நரி, ஒட்டகம், நீர்நாய், ஒரு வௌவால். எருமையைக் காணோம். இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார். தன் பெயரைத் தன் திரையில் காட்டாது என்பது அப்புறம்தான் புரிந்தது, வேட்டியை ஒருதரம் இறுக்கிக்கொண்டார். எருமை. வீட்டுப்பாடம் எழுதாதவனை அவர் அழைக்கும் பெயர். போன வியாழக்கிழமைகூட ஒட்டுமொத்தமாக நாலாவது பெஞ்சையே அப்படி அழைத்தார், மிருகத்துக்கு நியாயம் தெரியும் போலிருக்கிறது, தேடிக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டது. 'சந்தனம்: பேர போடு எருமை.' அவர் கையை விசைப்பலகையிலிருந்து தள்ளி மடியில் வைத்துக்கொண்டார், பிடிபட்டவர் மாதிரி. போய்விடலாம், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் போதும், எருமை போய்விடும். ஆனால் நீர்நாய் எழுதத் தொடங்கியிருந்தது. 'ஜெபராணி: அழகுமீனா ஏன் இப்ப வர்றதே இல்ல?' 'நிஷாந்தி: அவ இனிமே இதுல எதுவுமே கேக்க மாட்டாளாம். நமக்கு என்ன வந்துச்சு, சார் சொல்றத எழுதிட்டுப் போவோம்ங்குறா.' 'சந்தனம்: நல்லாப் படிக்கிற பிள்ள. சரியாத்தான கேட்டா.' 'ஜெபராணி: சார்கிட்ட யாராச்சும் நேர்ல சொல்லலாம்ல, தப்புன்னு.' 'நிஷாந்தி: வேண்டாம்ப்பா. பாவம். நல்ல சாரு. வயசான காலத்துல மனசு கஷ்டப்படுவாரு.'

வயசான காலமாம், ஐம்பத்திரண்டு, தலைக்கு மை போட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை. அந்தப் பாவம் என்ற சொல் அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. திட்டியிருந்தால் பரவாயில்லை, திட்டுக்கு அவரிடம் பதில் உண்டு. நாற்பத்தாறு பேர் உட்கார்ந்து பேசி, ஞானதுரை சாருக்கு எது தெரியும் எது தெரியாது என்று முடிவுகட்டி, அவருக்கு ஒரு பதில் உலகத்துக்கு ஒரு பதில் என்று பிரித்துக்கொண்டு, வீட்டில் காது கேட்காத பெரியவருக்குத் தலையாட்டுவதைப் போல ஆட்டியிருக்கிறார்கள், பத்து நாளாக. இவர் வகுப்பில் நின்று பந்து பந்து என்று பேசும்போது இவர்கள் எந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்? நல்ல அமைதியான வகுப்பு என்று இவர் தலைமையாசிரியரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார். அழகுமீனா இரண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம், முன்பெல்லாம் கையைத் தூக்கினால் இறக்க மாட்டாள், சார் சார் என்று காதைக் குடைவாள், இப்போது பத்து நாளாகக் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள், அடக்கம் வந்துவிட்டது என்று நினைத்திருந்தார். அடக்கமாம். வியர்த்தது. காற்றாடி அவர் பக்கம் வரும்போது மட்டும் காலர் ஆறியது. "சார், டீ சொல்லவா" என்றாள் செண்பகவல்லி. வேண்டாம் என்று தலையாட்டினார், இவரும் நன்றாகத்தான் ஆட்டுகிறார்.

இதை முன்னமே ஒருதரம் பார்த்தாயிற்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கோவில்பட்டிப் பக்கம், பையன்கள் மட்டும் படித்த பள்ளிக்கூடம், குவிலென்ஸ் கணக்கில் ஒரு குறி தப்பாகப் போட்டுவிட்டு மறுநாள் வகுப்பில் நின்று, நேற்று நான் போட்டது தப்புப்பா என்று சொன்னார். வெள்ளந்தியாக. இளவயசு, உண்மை பேசினால் கைதட்டுவார்கள் என்ற எண்ணம். கைதட்டவில்லை, ஒருவன் சிரித்தான், அப்புறம் ஒரு வரிசை சிரித்தது, மறுநாள் சைக்கிள் நிறுத்தும் சுவரில் கரியால் தப்பு சார் என்று எழுதியிருந்தது. இரண்டு வருஷம், மாற்றல் கிடைக்கும் வரை இரண்டு முழு வருஷம், தப்பு சார் வர்றாரு, தப்பு சார் போறாரு. ஒருநாள் கடைவீதியில் எஸ்தரோடு போகும்போது எவனோ பின்னாலிருந்து கூப்பிட்டான், அவள் என்ன சொல்றான் என்று கேட்டாள், வேறு யாரையோ என்றார். கல்யாணமாகி ஆறு வாரம். அதற்கப்புறம் எந்த வகுப்பிலும் அந்த வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை, பாடப்புத்தகத்தில் அச்சுப்பிழை என்பார், கேள்வியே சரியில்லை என்பார், அதை அப்புறம் பார்க்கலாம் என்பார், அப்புறம் என்பது வந்ததே இல்லை. நல்ல ஏற்பாடு, இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது அதே வார்த்தையை இவர்கள் சுவரில் எழுதாமல், பாவம் என்று சொல்லி மூடி வைத்திருக்கிறார்கள். கரியே மேல்.

சரி, நாளைக்கு என்ன நடக்கும் என்று ஒழுங்காக யோசிப்போம், கணக்கு மாதிரி. ஏழாவது கேள்வி, மூன்று மதிப்பெண். நாற்பத்தாறு பேரும் இவருக்காகச் சுழி என்று எழுதுவார்கள். இவருடைய விடைக்குறிப்பில், பழைய வருஷத்து விடைக்குறிப்பில், 9.8 என்றுதான் இருக்கிறது, அது சரியான விடைக்குறிப்பு, இவரே எழுதியது. அப்படியென்றால் இவர் சொன்னதை மதித்து எழுதிய நாற்பத்தாறு பேருக்கும் இவரே சிவப்பில் அடித்துப் பூஜ்யம் போடவேண்டும். போட்டால் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், சார் நீங்கதான சொன்னீங்க என்று. போடாமல் மூன்று மூன்று மதிப்பெண்ணாகக் கொடுத்தால், உச்சியில் பந்து அந்தரத்தில் நிற்கும் என்று நாற்பத்தாறு தாளில் கையெழுத்துப் போட்டவர் ஆவார். அதிலும் அழகுமீனா. தெரிந்தே, சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டே, குனிந்து, அழகான கையெழுத்தில் சுழி என்று எழுதுவாள், அதற்கு இவர் ஒரு சரிக்குறி போடுவார். ஒரு வழி இருக்கிறது. கேள்வியையே எடுத்துவிடலாம். ஏழாவது கேள்விக்குப் பதிலாக வேறு ஏதாவது, நியூட்டனின் மூன்றாம் விதியை எழுதுக, எந்தச் சண்டையும் இல்லாத கேள்வி, ஒரு நிமிஷ வேலை, பந்தும் வேண்டாம் உச்சியும் வேண்டாம். அப்புறம் அந்தப் பாடத்தைத் தாண்டிவிட்டால் மறந்துவிடுவார்கள். "நிறுத்தும்மா" என்று எழுந்தார், குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. செண்பகவல்லி பொத்தானை அழுத்தினாள், கிழவன் முனகி நின்றான். "என்ன சார், தப்பு எதும் இருக்கா?" முப்பது தாள் வெளியே வந்திருந்தது, மேல்தாளை எடுத்துக் கொடுத்தாள், கையில் சூடாக இருந்தது. ஏழாவது கேள்வியைப் படித்தார். ஒரு பிழையும் இல்லை. அவ்வளவு சுத்தமான கேள்வி. பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் திசைவேகம் என்ன, முடுக்கம் என்ன, காரணம் கூறுக. காரணம் கூறுக.

படிக்கவில்லை என்பது பொய். அந்தச் சூடான தாளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அது தானாக வந்தது, கூப்பிடாமலே. பஸ்ஸில் அந்தப் பதிலைத் தட்டிய மறுநாள் காலை, கொல்லைப்புறத்தில் பல் துலக்கிக்கொண்டே, வலது கையில் பிரஷ், இடது கையில் போன், வரிசையாக ஐந்து கட்டம், முதல் நான்கையும் பார்த்த மாத்திரத்தில் சரிக்குறி, சரிக்குறி, சரிக்குறி, சரிக்குறி. ஐந்தாவதில் விரல் நின்றது. நின்றதா இல்லையா? நின்றது. பிரஷும் நின்றது. உச்சியில முடுக்கமும் சுழின்னா என்று ஆரம்பிக்கும் அந்த வரியை முழுதாகப் படித்தார், காது மடல் சூடானது, அடடா என்று நுரையோடு சொல்லக்கூடச் சொன்னார், உள்ளேயிருந்து எஸ்தர் என்னங்க என்றாள், ஒன்றுமில்லை என்றார். அப்புறம் அழுத்தினார். முதல் நான்கும் கையின் பழக்கம், ஐந்தாவது அவர். ஐந்தாவதை அந்த நான்கோடு சேர்த்துக் கட்டி அந்தப் பக்கம் வைத்துவிட்டார், அதனால்தான் இத்தனை நாள் சௌகரியமாக இருந்தது. சந்தனகுமார் எழுதியதுதான் சரியான பொருள், வாய மூடு. "தப்பு இல்லம்மா" என்றார் செண்பகவல்லியிடம், "ஓடட்டும்." அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். தமிழில் அடிக்க இந்த மெஷினில் எதை அழுத்தவேண்டும் என்று தெரியவில்லை, கேட்டால் செண்பகவல்லி வந்து பக்கத்தில் நின்று படிப்பாள், ஆகவே ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டினார், அவர் பிள்ளைகளுக்குத் தடை செய்திருந்த அதே தங்கிலீஷில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. உச்சியில் முடுக்கம் சுழி என்று நான் போட்டது தப்பு. முடுக்கம் 9.8, கீழ்நோக்கி. டெஸ்டிலும் அதையே எழுதுங்கள். ஞானதுரை. பெயரைக் கடைசியில் போட்டுவிட்டார், முதலில் போடவேண்டும் என்ற அவருடைய சட்டம் அவருக்கே மறந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். இதயம் வெகு வேகமாக அடித்தது, மூன்று வரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா. 'நிஷாந்தி: ஹலோ எருமை. யார் நீ?' 'சந்தனம்: சார் மாதிரி நடிக்கிறியா? எங்க சார் தங்கிலீஷ்ல எழுதவே மாட்டாரு.' 'ஜெபராணி: அவரு தப்புன்னு ஒத்துக்கவும் மாட்டாரு.' 'சந்தனம்: ஏ பிரிவுப் பயலா இருப்பான். எங்க சார் பேர கெடுக்காத.' அதற்குள் யாரோ அவர் எழுதிய வரிகளின் மேல் கையை வைத்துவிட்டார்கள். கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிந்துகொண்டு வந்தது. பெயர் போனது, டெஸ்ட் போனது, 9.8 போனது, தப்பு என்ற சொல் போனது, நான் என்ற சொல்லும் போனது, வெறும் வெள்ளை. அவர் பேரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஞானதுரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகை வரும் போலிருந்ததால் சிரிக்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அதில் அவர் அவர்தான், மெயிலும் பெயரும் நீல வட்டமும் எல்லாம் உண்டு. பக்கத்தைத் திறந்ததும் எதிரே கடைத் திரையில் மிருகங்களுக்குப் பக்கத்தில் ஞானதுரை என்று வந்து நின்றதைப் பார்த்தார், தன்னையே தெருவில் பார்த்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், நரி போனது, ஒட்டகம் போனது, வௌவால் போனது, நீர்நாய் ஒரு நொடி தயங்கிவிட்டுப் போனது, மணியடித்த பிறகு வராந்தா காலியாவதைவிட வேகம். எருமையும் அவரும் மட்டும். எருமை யார் என்று இந்நேரம் அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? தெரியும், மக்குகள் இல்லை. தெரியட்டும். முடித்துவைத்த கேள்விகள் எங்கே போய்ச் சேரும் என்று தேடினார், மேலே ஒரு மூலையில் இருந்தது, அழுத்தினால் அடுக்கடுக்காக வந்தன, நாற்பது, ஐம்பது, ஆகஸ்டிலிருந்து, அத்தனையும் இங்கேதான் பத்திரமாக உட்கார்ந்திருந்தன. அழகுமீனாவுடையது கிடைத்தது. 'சார், உச்சியில முடுக்கமும் சுழின்னா பந்து அங்கேயே நின்னுருமே சார்? கீழ எப்படி வரும்?' ஒரு கேள்விக்குள் இரண்டு சார். அதன் கீழே மீண்டும் திற என்று இருந்தது. திறந்தார். கட்டம் பழைய இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. கட்டைவிரலால் தமிழில், மெதுவாக, நீ கேட்டது சரி, நான் எழுதியது தவறு என்று எழுதினார். தவறு என்பதை அழித்துவிட்டுத் தப்பு என்று போட்டார். அனுப்பினார்.

"நாப்பத்தாறு ஆச்சு சார், எண்ணிப் பாத்துக்கங்க" என்று செண்பகவல்லி கட்டைத் தட்டி ஒழுங்குபடுத்திக் கொண்டுவந்து வைத்தாள். எண்ணத் தொடங்கினார், பதினேழுக்கு மேல் போகவில்லை, மறுபடி ஒன்றிலிருந்து. கட்டம் திறந்த செய்தி அந்தப் பிள்ளைக்கும் மெயிலில் போயிருக்கும், ஞாயிற்றுக்கிழமை, தலைக்குக் குளித்துக்கொண்டிருப்பாள், அம்மாவோடு கறிக்கடைக்குப் போயிருப்பாள், பார்க்காமலே போகலாம், பார்த்துவிட்டு நமக்கு என்ன வந்தது என்று வைத்துவிடலாம், வைத்தால் இவர் என்ன கேட்க முடியும். வெளியே மதுரை வண்டி கிளம்பியது. இருபத்திரண்டாவது தாளில் விரல் இருந்தபோது கடைத் திரையின் மேலே, எந்த மிருகமும் இல்லாத இடத்தில், பச்சை வட்டம் ஒன்று வந்து நின்றது, உள்ளே அ என்று ஒரே எழுத்து. சத்தம் போட்டால் பறந்துவிடும் போல அவர் அசையாமல் இருந்தார். அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் கோடு கட்டத்தை ஒட்டி நின்று நின்று அடித்தது, எழுதுவதும் அழிப்பதுமாக இருப்பாள், என்ன எழுதுகிறாள் என்பது அனுப்பும்வரை தெரியாது, தெரியாததே நல்லது. அப்புறம் வந்தது. 'சார், அப்ப நாளைக்கு டெஸ்ட்ல எத எழுதணும் சார்?' படித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் தானாகவே மூலையிலிருந்த சரிக்குறிக்குப் போய்விட்டது, பார்த்தாயிற்று என்று சொல்ல. சடாரென்று இழுத்துக்கொண்டார், சூட்டுக்கோலைத் தொட்ட மாதிரி. எத எழுதணும் என்கிறாள். சரி எது என்று அவளுக்கு முதல் நாளே தெரியும், அதைக் கேட்கவில்லை, இந்த ஆளுக்கு எதை எழுதினால் ஆகும் என்று கேட்கிறாள். 'நீ சொன்னதையே எழுதும்மா. மற்றவர்களுக்கும் சொல்லிவிடு' என்று எழுதினார். கோடு மறுபடி நின்று நின்று அடித்தது. 'நான் சொன்னா நம்ப மாட்டாங்க சார். இதுல யாரு பேரையும் யாரும் போடலாம்ல, நீங்க எழுதுனாலும் சந்தனகுமார் வேற யாரோன்னுதான் சொல்லுவான். தாள் குடுக்கிறதுக்கு முன்னாடி கிளாஸ்ல நீங்களே சொல்லிருங்க சார்.' நாற்பத்தாறு தாளின் மேல் கையை வைத்தார், இன்னும் சூடு இருந்தது. நாளைக் காலை ஒன்பதரை, நாற்பத்தாறு முகம், வாயைத் திறந்து, பெயர் போட்டு, சுண்ணாம்புக்கட்டியை எறிந்து பிடித்துவிட்டு, அந்த வார்த்தை. யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று சொல்லும் அளவுக்கு அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. சொல்கிறேன் என்று எழுத ஆரம்பித்தார், அழித்தார், சொல்றேம்மா என்று எழுதி அனுப்பினார்.